ஒத்தை டிஸ்க்

பனச்சமூடு போகும் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு போர்வை. உச்சி வெயில்தான், ஆனால் அது ரப்பர் மரங்களுக்கு மேலேயே நின்றுவிட்டது. ரோட்டில் நிழலும் ரப்பர் பால் புளித்த வாடையும்தான். திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருந்தேன். ஆனாலும் வளைவில் ஒரு தடவை திரும்பிவிட்டேன். அவர் இன்னும் தன் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசலுக்கு வந்த முன்பின் தெரியாத ஒருவன் ஒழுங்காகப் போய்விட்டானா என்று பார்ப்பவரைப்போல நின்றார்.

கொஞ்சம் முன்னால்தான் என்னிடம் கேட்டார்: "ஆரா? எந்தரு வேணம்?"

யார், என்ன வேண்டும் என்றுதான் அர்த்தம். அதில் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அவர் தெரிந்தவர்களிடம் தமிழில்தான் பேசுவார். தெரியாதவர்களிடம் மலையாளத்தில் தொடங்குவார். எல்லைப் பக்கத்தில் பலருக்கும் இந்த வழக்கம் உண்டு. எதிரே நிற்பவன் எந்தப் பக்கம் என்று பிடிபடும்வரை மலையாளம், பிடிபட்டபின் தமிழ். நான் அவர் வீட்டோடு ஒட்டிய சாய்ப்பில் ஏறக்குறைய இரண்டு வருஷம் படுத்து எழுந்தவன். விளக்கைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் எத்தனையோ வீடுகளுக்குப் போனவன். என்னிடம் அவர் ஒரு நாளும் மலையாளத்தில் பேசியதில்லை.

அவருடைய வேலை சாவு வீடுகளில் வீடியோ எடுப்பது.

கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போக மாட்டார். "கல்யாணத்துக்கு ஊருபட்ட ஆளு உண்டு. இதுக்கு ஆளில்ல," என்பார். வெள்ளறடையிலிருந்து பாறசாலை வரைக்கும், அந்தப் பக்கம் நெய்யாற்றின்கரை வரைக்கும், வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார்கள். அப்பன் செத்தாலும் லீவு கிடைக்காதவர்கள், பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களுக்காகத்தான் குளிப்பாட்டுவதிலிருந்து மண் தள்ளுவது வரை எல்லாம் எடுக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் போனிலும் காட்டுவார்கள். ஆனால் அது முகம் தெரியாமல் இழுத்து இழுத்து வரும். அதனால் எப்போதாவது ஊருக்கு வரும்போது இவரைத் தேடி வந்து, முழுசாகப் பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். சிலர் வருவதற்கு நாலைந்து வருஷம்கூட ஆகும். ஆகையால் எடுத்த எதையும் அவர் அழித்ததில்லை. எல்லாம் வீட்டில் ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது.

நான் அவரிடம் வந்தது ஒரு சாவு வீட்டில் வைத்துத்தான். வேலை செய்த கல் குவாரியை மூடிவிட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு விடுபவரிடம் நாற்காலி தூக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு விளக்கு பிடிக்க அவருக்கு ஆள் வரவில்லை. என்னைப் பார்த்து, "எலே மக்கா, இதெ பிடி. மூஞ்சில அடிக்காதே, மேல பிடி. வெளிச்சம் தானா எறங்கும்," என்றார். பிடித்தேன். முடிந்ததும் என் கையைப் பார்த்தார். "ஆடாம நிக்கியே. நாளைக்கும் வா." அவ்வளவுதான் பேச்சு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இதற்கு மேல் என்ன வேலை கிடைக்கும்? பையை எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த வீட்டில் எல்லாம் இரண்டிரண்டாக இருந்தது. கேமரா இரண்டு, டார்ச் இரண்டு, கேட்டுக்குப் பூட்டு இரண்டு. தனியாகக் கிளம்பும்போதும் மழைக்காலத்தில் இரண்டு குடை கொண்டு போவார். ஒன்று பிடிக்க, இன்னொன்று கக்கத்தில். ஜங்ஷனில் நிற்பவர்கள் விடுவார்களா? "மத்த குடெ ஆருக்காக்கும் அண்ணா? கூட வாற ஆளெ எங்க கண்ணுக்குத் தெரியல்லியே!" என்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். "ஒண்ணு போச்சுண்ணா என்ன செய்யுவே?" என்று திருப்பிக் கேட்பார். கேட்டவன் சிரிப்பை நிறுத்திவிடுவான். அவர் கேட்பதில் விளையாட்டே இருக்காது.

மைனிதான் அவரைக் கேலி செய்வாள். அவருடைய மனைவியை நான் அப்படித்தான் கூப்பிட்டேன். பிள்ளைகள் இல்லை. சாய்ப்பில் எனக்கு முதல் நாள் பாய் கொண்டுவந்து போட்டவள் அவள்தான். ஒரு நாள் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் விளம்பிக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "இந்த வீட்டுல எல்லாம் ரெண்டு உண்டு, கேட்டியளா? நான் மட்டும் ஒண்ணாக்கும். பத்திரமா சூட்சிச்சு வச்சுக்கிடுங்க."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவர் கையில் எடுத்த கிழங்கைத் தட்டில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். கேமராவைக் கண்ணில் வைக்கும் முன்னால் ஒரு வீட்டு முற்றத்தை எப்படிப் பார்ப்பாரோ அப்படி. எங்கிருந்து எங்கே, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று.

அவர் வேலையில் ஊருக்குப் பிடிக்காத ஒரு பழக்கம் இருந்தது. பெட்டியையும் அழுபவர்களையும் எடுத்த பிறகு, நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்களின் முகங்களை வரிசையாக எடுப்பார். ஒவ்வொரு முகத்திலும் கொஞ்சம் நிற்பார். எதற்கு என்று நான் தொடக்கத்தில் கேட்டேன். "அடுத்த ஆளு இதுல உண்டு," என்றார்.

அது உண்மைதான். ஒரு வீட்டில் ஆள் இறந்தால், அந்த ஆள் கடைசியாக எந்தச் சாவு வீட்டுக்குப் போயிருந்தார் என்று தேடுவார். அங்கே நாற்காலியில் இறந்தவர் உட்கார்ந்திருப்பார், சாயா குடிப்பார், யாரிடமாவது பஸ் நேரம் கேட்பார். அதை வெட்டியெடுத்துப் புதிய வீடியோவின் முன்னால் சேர்த்துக் கொடுப்பார். வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் அதிகம் அழுவார்கள். இது ஊருக்குத் தெரிந்தபின், அவர் கேமராவைத் திருப்பினால் நாற்காலிகளில் ஒரு அசைவு வரும். ஆண்கள் துண்டால் முகத்தைத் துடைப்பார்கள். பெண்கள் அந்தப் பக்கம் திரும்புவார்கள். ஒரு கிழவர் சத்தமாகவே சொன்னார்: "எலே, அங்க கொண்டு போலே. நான் இப்பம் போறதா இல்ல." பெட்டிக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அவர் அந்தக் கிழவரை மட்டும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்தார்.

விளக்கு பிடிக்கிறவன் படத்தில் வருவதில்லை. என் நிழல்கூட விழாத மாதிரி நிறுத்துவார். ஒரே ஒரு தடவை தவிர.

கம்ப்யூட்டர் விஷயம் சொல்ல வேண்டும். அதிலும் இரண்டுதான். இரண்டு டிஸ்க், இரண்டிலும் ஒரே சரக்கு. ஒன்றில் எழுதினால் இன்னொன்றிலும் எழுதும்படி நடுவில் ஒரு கார்டு. ரெய்ட் கார்டு என்பார்கள். ஒன்று கெட்டாலும் மற்றது நிற்கும். நான் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் கார்டு ஒரு டிஸ்க் கெட்டுவிட்டது என்று சொல்லி அதை ஒதுக்கித் தள்ளிவிட்டது. அவர் அதைக் கழற்றிவிட்டு வேறு புதிது வாங்கிப் போட்டிருந்தார். கழற்றியதையும் எறியவில்லை. ஈரம் பிடிக்காமல் இருக்க ஒரு டப்பாவில் பச்சரிசிக்குள் புதைத்து வைத்திருந்தார். மைனி அந்த டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம், "அதெ என்னைக்காவது ஒலையில போட்டுருவேன்," என்பாள்.

மைனி இறந்தது ஒரு காலை நேரத்தில். துணி துவைக்கிற கல்லருகே விழுந்தாள். நாங்கள் ஓடிப்போய்த் தூக்கும்போதே ஒன்றும் இல்லை. வாளியில் குழாய்த் தண்ணீர் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

வேறு ஆள் எடுக்கட்டும் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. தானே எடுத்தார். நான் விளக்கு பிடித்தேன். கை ஆடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வழக்கம்போல முகங்களை வரிசையாக எடுத்தார். கடைசியில் கேமராவை அப்படியே என் பக்கம் திருப்பினார். "நீயும் இதுல வா," என்றார். விளக்கை என் பக்கம் திருப்பிப் பிடித்தேன், கண் கூசியது. அந்தக் கம்ப்யூட்டரில் என் முகம் இருந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

அதற்குப் பிறகு அந்த வீடியோவை அவர் ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை. மைனியை முன்னால் வேறு எங்காவது எடுத்திருப்பீர்களே, தேடலாமா என்று கேட்டேன். "வேண்டாம்," என்றார். தேடினால் மைனி செத்தவர்களின் கணக்கில் வந்துவிடுவாள் என்று நினைத்திருக்கலாம். எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை. மாலை போட்ட படத்தைச் சுவரில் மாட்டி, சின்ன சிவப்பு பல்பு ஒன்றை எரியவிட்டார். அதன் பக்கத்தில் இன்னொரு பல்பும் வாங்கி வைத்திருந்தார்.

இந்த வருஷம் இடி மழையில் ஒரு நாள் கரண்டு போய் வந்தது. இரண்டு டிஸ்கில் புதிதாக வாங்கியது செத்துவிட்டது. மற்றது தனியாக நின்றது. நான் வந்ததிலிருந்து நாங்கள் எடுத்தது எல்லாம் இப்போது அந்த ஒற்றை டிஸ்கில் மட்டும்தான் இருந்தது.

குவைத்திலிருந்து அந்த நர்ஸ் போன் செய்தது அதே வாரம்தான். பனச்சமூட்டுக்குப் பக்கம் அவளுடைய வீடு. மழைக்காலத் தொடக்கத்தில் அவளுடைய அம்மா இறந்தாள். நாங்கள்தான் எடுத்தோம். அவள் லீவில் வரப்போவதாகச் சொன்னாள். போனை என்னிடம்தான் கொடுத்திருந்தார். "போன்ல பாத்துக்கிட்டு இருக்கும்போ பாதியில கட்டாயிப் போச்சு அண்ணா. பெட்டி மூடினதெ நான் பாக்கல்ல," என்றாள். "பாக்காததுனால எனக்கு இன்னும் நம்பிக்கெ வரல்ல. அம்மைக்க நம்பர்ல கூப்பிட்டா எடுப்பாண்ணு தோணுது. கூப்பிடவும் செய்யிதேன். அந்த வீடியோவெ ஒருக்கா பாத்துட்டா எனக்கு மதி, வேறெ ஒண்ணும் வேண்டாம். பத்திரமா இருக்குல்லா?"

இருக்கிறது என்று சொன்னேன். அப்போது இருந்தது.

உடனே நான் அவரிடம் சொன்னேன், அந்தப் பெண்ணுடையதை மட்டுமாவது ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிடலாம் என்று. அவர் என் கையைத் தட்டிவிட்டார். "ஒத்தை டிஸ்கெத் தொடப்பிடாது. தொட்டா அதுவும் போவும். ஜோடியாவட்டு, பிறகு எடுக்கலாம்." கம்ப்யூட்டரை அணைத்து அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார். சாவு வீட்டில் துணி மூடிப் பார்த்துப் பார்த்துப் பழகிய எனக்கே அது நன்றாக இல்லை.

இரண்டு டிஸ்கைத் தின்ற பழைய கார்டு இனி வேண்டாம், நல்ல கார்டு வேண்டும் என்றார் அவர். ஆனால் கையில் அவ்வளவு காசில்லை. பாறசாலையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர் ஒருவர் உண்டு. அவர் கடையில் போய் உட்கார்ந்தோம். கடைக்காரர் வாயில் வெற்றிலையோடு ஒவ்வொன்றாகச் சொன்னார். விலை குறைந்த புதுக் கார்டுகள் பேருக்குத்தான் கார்டு. வேலையெல்லாம் கம்ப்யூட்டர் தலையில் விழும். கரண்டு கண்ணடித்தால் ஜோடி பிரிந்துவிடும். நல்ல கம்பெனியின் புதுக் கார்டு என்றால் ஒரு பசுமாட்டின் விலை.

"பின்னெ ஒண்ணு உண்டு," என்றார். "பெரிய ஆபீஸுகள்ல சர்வர் மாத்தும்போ கழட்டி விக்கியது. பழசுதான். ஆனா கல்லு மாதிரி நிக்கும். ஆபீஸ்ல ஏசி காத்துல இருந்த சாதனமாக்கும், வீட்டுல சூடாவும். மேல ஒரு சின்ன ஃபேனெக் கட்டி விட்டாப் போரும். டூப்ளிக்கேட்டும் வருது, அதெ நான் பாத்து எடுத்துத் தாறேன்."

"கார்டே கெட்டுப் போச்சுண்ணா?" என்று அவர் கேட்டார்.

"அதே மாடல் கார்டு இன்னொண்ணு வேணும். வேறெ கார்டு இந்த ஜோடியெப் படிக்கும்ணு சொல்ல முடியாது."

"அப்பம் ரெண்டு எடும்."

கடைக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "ரெண்டு எடுக்கியேன். ஆனா அண்ணா, ஒண்ணு சொல்லுதேன். ஜோடி போட்டாச்சுண்ணு நினைச்சு ஒறங்கப்பிடாது. இது கண்ணாடி மாதிரியாக்கும். நீங்க மொட்டெ அடிச்சா கண்ணாடியில நிக்கியவனுக்கும் மொட்டெதான். ஒண்ணுல அழிச்சா மத்ததுலயும் அழியும். தனியா வேறெ எடத்துல ஒரு காப்பி வேணும்."

அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. "இந்தக் கார்டு பொய் சொல்லுமா?" என்று கேட்டார்.

"சொல்லாது. சொன்னதெ அப்பிடியே செய்யும்."

அதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். சொன்னதைச் செய்யும். சொன்னதைச் செய்யும்.

கார்டுகள் வந்த அன்று கடைக்காரரே வீட்டுக்கு வந்து மாட்டினார். ஜோடிக்கு இன்னொரு டிஸ்க் வேண்டுமே, அரிசி டப்பாவில் இருந்ததை எடுத்து ஊதிவிட்டுச் சோதித்தார். "இதுக்கு ஒரு கேடும் இல்ல அண்ணா. பழைய கார்டாக்கும் பொய் சொல்லி ஒதுக்கியிருக்கு," என்றார். அந்த டிஸ்கில் நான் வருவதற்கு முன்னாலுள்ளவை மட்டும் அப்படியே இருந்தன. அதில் இருந்தது எல்லாம் மற்றதிலும் உண்டு. மற்றதில் இருந்த பின்னாலுள்ளவை இதில் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைக்காரர் ஓடிக்கொண்டிருந்த டிஸ்கில் நீல டேப்பும் அரிசி டிஸ்கில் மஞ்சள் டேப்பும் ஒட்டினார். திரையைக் காட்டிச் சொன்னார்: "இஞ்ச முதல்ல எதெத் தேர்ந்தெடுக்கியளோ அது நிக்கும். ரெண்டாவது எடுக்கியது அழிஞ்சு அதுபோல ஆவும். பிறகு திருப்ப முடியாது. நீலம் முதல்ல. கேட்டுதா? மேல உள்ள வரி நீலம், கீழ உள்ளது மஞ்சள்." அதற்குள் அவருக்கு வேறு ஓர் இடத்திலிருந்து போன் வந்தது. "இனி நீங்க ரெண்டு தடவெ தட்டினாப் போரும் அண்ணா, நான் வாறேன்," என்று பைக்கை எடுத்தார்.

கடைக்காரர் போனதும் அவர் திரை முன்னால் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "ரெண்டு சாயா வாங்கிட்டு வா," என்றார்.

ஜங்ஷனுக்குப் போய்ப் பிளாஸ்கில் சாயா வாங்கிக்கொண்டு வந்தேன். திரும்பி வந்தபோது திரையில் ஒரு கோடு பைய நீண்டுகொண்டிருந்தது. கார்டின் மேல் கட்டிய சின்ன ஃபேன் சத்தம் போட்டது. டேப் இரண்டையும் அவர் உரித்து, ஒன்றாக உருட்டி, விரல்களுக்கு நடுவில் வைத்திருந்தார். நீலமும் மஞ்சளும் கலந்து ஒரு கொட்டைபோல இருந்தது.

"நீலம்தானே அண்ணா முதல்ல?" என்று கேட்டேன்.

"சரியாத்தான் செய்தேன்," என்றார்.

மறுநாள் காலையில் அந்தக் கோடு முடிந்திருந்தது. லீவில் ஊருக்கு வந்திருந்த நர்ஸைக் கூட்டி வர நான் ஜங்ஷனுக்குக் கிளம்பினேன். அவளுக்கு வழி தெரியாது. கிளம்பும்போது முன் அறைச் சுவரைப் பார்த்தேன். மைனியின் படம் இல்லை. மாலையும் பல்பும் இல்லை. ஆணி மட்டும் இருந்தது. மேஜையில் இரண்டு சாயா கிளாஸ். ஒன்று காலி. மற்றதில் ஆடை கட்டியிருந்தது. எனக்கு வைத்ததாக்கும் என்று நினைத்து, எடுக்காமல் போனேன். அவசரம்.

நர்ஸ் நாற்பது வயதுக்காரி. கையில் ஒரு பென் டிரைவைப் பொத்திப் பிடித்திருந்தாள். வழியெல்லாம் அம்மாவின் அடக்கத்தைப் பற்றித்தான் கேட்டாள். மழை பெய்ததா, யார் யார் பெட்டியைத் தூக்கினார்கள் என்று. "பாத்துட்டா மதி. பிறகு எனக்கு ஒறக்கம் வரும்," என்றாள்.

வீட்டில் அவர் அவளிடம் மலையாளத்தில் தொடங்கினார். அவள் அம்மாவின் பெயரைச் சொன்னதும் தமிழுக்கு வந்தார். முகம் மலர்ந்தது. அந்த மாதிரி அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. "நீ அவியளுக்க மகளா? இரு மக்கா. அம்மெ சொகமா இருக்காளா?"

நர்ஸ் என்னைப் பார்த்தாள்.

அவர் கம்ப்யூட்டரில் ஒன்றை ஓட விட்டார். யாருடையதோ அடக்கம், பழையது. நாற்காலியில் அவளுடைய அம்மா உட்கார்ந்திருந்தாள். கேமரா தன்மேல் வருவதைக் கண்டதும் சேலைத் தலைப்பால் முகத்தை மூடினாள். பிறகு விலக்கிப் பார்த்தாள். கேமரா போகவில்லை. சிரித்துவிட்டு, "போலே அங்க," என்று கையை வீசினாள்.

நான் அவரை விலக்கிவிட்டு மவுஸைப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த அளவில் தேடினேன். நாங்கள் எடுத்த ஒன்றும் இல்லை. இந்த அம்மாவின் அடக்கம் இல்லை. தான் இப்போது போவதாக இல்லை என்று சொன்ன அந்தக் கிழவர் இல்லை. மைனியின் அடக்கம் இல்லை, அதில் இருந்த என் முகமும் இல்லை. எல்லாம் நான் நாற்காலி தூக்கிய அந்தச் சாவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. இரண்டு டிஸ்கிலும் ஒன்றுபோல நின்றுவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரில், அதற்குப் பிறகு யாரும் சாகவில்லை.

அவர் என் கையை மவுஸிலிருந்து மெதுவாக எடுத்தார். கோபம் இல்லை. நர்ஸைப் பார்த்துக் கேட்டார்: "இவரு ஒங்க கூட வந்த ஆளா?"

நான் விலகி நின்றேன். நர்ஸ் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொருக்கா போடுங்க," என்றாள். போட்டார். மறுபடி கேட்டாள். பெட்டியைப் பற்றி, மழையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தத் துண்டை மட்டும் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது சொன்னாள்: "வாறேன் அண்ணா. நேரமாச்சு. அம்மெ பாத்துக்கிட்டு இருப்பா."

"மைனி அடுக்களையில நிக்கியா, சொல்லிட்டுப் போ," என்றார் அவர்.

அடுக்களைப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. நர்ஸ் அந்தப் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

நான் சாய்ப்புக்குப் போய்க் கடைக்காரருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.  "முதல்ல மஞ்சளெத் தட்டியிருக்காரு," என்றார். திருப்ப வழி உண்டா என்று கேட்டேன். "இல்ல. அது நல்ல கார்டாக்கும். சொன்னதெ ஒழுங்கா செஞ்சிருக்கு." பிறகு அவரே கேட்டார்: "தப்பித் தட்டினாரா, வேணும்ணு தட்டினாரா?"

இரண்டு குடை கொண்டு போகிற மனிதர். போட்ட பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற மனிதர்.   டேப்பை உரித்து உருட்டிய விரல்களை மட்டும் நினைத்துக்கொண்டேன்.

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோதுதான் கேட்டார், ஆரா, எந்தரு வேணம் என்று. ஒன்றும் வேண்டாம் என்றேன். மலையாளத்திலேயே சொன்னேன். அது அவருக்குச் சரியாகப் பட்டது.

பனச்சமூட்டை அடையும்போது வெயில் சாய்ந்துவிட்டது. கள்ளிக்காட்டுப் பக்கம் போனால் ஏதாவது வேலை கிடைக்கும் என்று நினைத்து பஸ்ஸுக்கு நின்றேன். எதிர்ப்பக்கம் மருந்துக் கடையில் அந்த நர்ஸ் நின்றாள். கையில் ஒரு கவர் நிறைய மாத்திரை. என்னைக் கண்டதும் ரோட்டைக் கடந்து வந்தாள்.

"விளையெல்லாம் காடு பிடிச்சுக் கெடக்கு. வெட்டுக்கு ஆளு கெடைக்கல்ல. நாளைக்கு வாறியளா?" என்றாள். "அம்மைக்கு முத்தத்துல கூட நடக்க வழியில்ல."

அவள் கையிலிருந்த மாத்திரைக் கவரைப் பார்த்தேன். வயதானவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரைகளாகத்தான் இருக்கும். எனக்கு வேலை வேண்டும். "வாறேன்," என்றேன். அன்றைக்கு ஒரு மூடிய கடையின் வராந்தாவில் படுத்தேன். கொசு இருந்தது. தூங்கிவிட்டேன்.

காலையில் போனேன். வீட்டைச் சுற்றிப் பெரிய விளை. தென்னை, பலா, இடையில் நெஞ்சளவுக்குக் காடு. வெட்டுக்கத்தி அவளே தந்தாள். பின்பக்கத்துப் பலா மரத்தின் அடியைக் காட்டி, "அந்த மூலெ மட்டும் வேண்டாம்," என்றாள். அந்த மூலையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மழையில் குழி வெட்டியது, அதில் தண்ணீர் ஊறியது, பெட்டியை இறக்கியது எல்லாம் அங்கேதான். பிறகு ஒரு சிமென்ட் பலகை போட்டிருப்பார்கள். இப்போது அதன்மேல் கொடி ஏறி மூடியிருந்தது. சரி என்று சொல்லிவிட்டு மற்ற இடமெல்லாம் வெட்டினேன். வெட்ட வெட்ட அந்த மூலை மட்டும் தனியாக, உயரமாகத் தெரிந்தது.

வெயில் ஏறியபோது சாயா கொண்டுவந்தாள். இரண்டு கிளாஸ். ஒன்றை என்னிடம் தந்துவிட்டு மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். குடிக்கவில்லை. அந்த மூலைக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"அண்ணைக்கு லைட்டு பிடிச்சது நீங்களா?"

"ஆமா."

"அவரு ஒங்களெ எங்க ஆளாண்ணு கேட்டாருல்லா?"

"ஆமா."

 கிளாஸிலிருந்து சாயா அவள் விரலில் தளும்பியது. அவள் துடைக்கவில்லை.

"எங்க நின்னு பிடிச்சிய?"

நான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கொடிக்குள் இறங்கினேன். பலா மரத்துக்கு இந்தப் பக்கம், கால்மாட்டில். பலகையின் விளிம்பு என் கணுக்காலில் தட்டியது. வெட்டுக்கத்தியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, விளக்கு பிடிப்பதுபோல வலது கையை உயர்த்தினேன்.

"மொகத்துல அடிச்சியளா?"

"இல்ல. மேல பிடிச்சேன். வெளிச்சம் தானா எறங்கிச்சு."

அவள் திரும்பினாள். என் கையைப் பார்த்தாள். அங்கேயிருந்து கீழே, கொடி மூடிய இடத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு அடியாக வந்து விளிம்பருகே குந்தினாள். கையிலிருந்த கிளாஸைத் தரையில் வைத்தாள். ஒரு கொடியைப் பிடித்து இழுத்தாள். பிறகு இன்னொன்று.

"பெட்டி மூடினது எப்பம்?" என்று குனிந்தபடியே கேட்டாள். "அது வரெ பிடியுங்க. கையெ எறக்காதேயுங்க."

நான் இறக்கவில்லை. ஆடாமல் நின்றேன்.